மணல் தீரும்வரை கேட்டவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் அந்த அறையில் இருந்தேன். என் கணவர் முங்கோவும் இருந்தார். 1962 டிசம்பர் 11, செவ்வாய்க்கிழமை.

ஸ்காட்லாந்தில் பான்ஃப் ஊர்ப் பக்கத்தில் ஒன்பது வருடமாக நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு. வீட்டின் உரிமையாளர் வாட் இறந்ததும் பொது ஏலத்துக்கு வந்தது. வேறு யாராவது எடுத்தால், மே மாதத்துக்குள் இரண்டு பிள்ளைகளோடு நாங்கள் வெளியேற வேண்டும். எங்களால் முடிந்தது ஆயிரத்து இருநூறு பவுண்டு. அதற்கு மேல் ஒரு காசு இல்லை.

ஏலத்தை நடத்திய வக்கீல் டல்கார்னோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊருக்கு வந்தவர். ஆனால் அலுவலகத்தின் பழைய முறையை விடாதவர். அவர் ஏலத்தில் சுத்தியல் கிடையாது. அரை மணி நேர மணற்கடிகாரம்தான். மணல் தீரும்போது யார் கேட்டது உச்சமோ, வீடு அவருக்கு. அவர் உடனே கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அதற்கு முந்திய தொகையைக் கேட்டவருக்குப் போய்விடும்.

சரியாக 3.05. ஹோட்டல் மாடியில் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள். எங்களுக்கு ஒரே போட்டி, விடுதி முதலாளி பிர்னி. அறுபது வயது, இந்த ஊரிலேயே பிறந்தவர்.

"என்னப்பா முங்கோ, ஆட்டுக்குட்டி வித்த காசு பூரா பையில இருக்கா?"

"உங்க விடுதிக் கஞ்சியை வித்தாக்கூட இவ்வளவு வராது, விடுங்க."

அறை சிரித்தது. தொகை ஏறியது. ஆயிரத்து நூறு... பிர்னி. ஆயிரத்து நூற்று இருபது... முங்கோ.

3.22. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல். "நாப்பது."

குமாஸ்தா நிமிர்ந்தார். "பேரு?"

"கிரிசல் ஃபார்கர்."

திரும்பிப் பார்த்தேன். சாம்பல் நிறச் சால்வை. வெளியே முழங்கால் அளவு பனி. அவள் காலணியில் ஈரமே இல்லை.

"யாரவ? நம்ம ஊர் மாதிரி தெரியல," என்றேன் மெதுவாக. "தொகையை ஏத்திவிட வக்கீல் வச்ச ஆள்."

"சும்மா இரு இஷ்பெல். காதுல விழப்போகுது."

பிர்னியும் திரும்பினார். சிரிப்பு நின்றது. தொப்பியை எடுத்தார். மாடியிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

இப்போது நாங்களும் அவளும்தான். அறுபது என்றோம். எண்பது என்றாள். எனக்குச் சந்தேகமே இல்லை. எங்களைக் கறக்கத்தான் வந்திருக்கிறாள்.

3.35. மணல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. மேல் கண்ணாடியில் ஒரு விரற்கடை மணல்... அப்படியே நின்றது.

3.41. முங்கோ என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆயிரத்து இருநூறு. என் மனைவி இஷ்பெல் லோகன் பேருல."

மணல் மறுபடி விழுந்தது. சர்ர்ர்...

"அதுக்கு மேல ஒரு பவுண்டு," என்றாள் அவள்.

கடைசி மணலும் விழுந்தது.

வீடு போயிற்று.

"கையெழுத்துப் போடுங்கம்மா," என்றார் வக்கீல்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

நாற்காலி காலி.

கதவு என் முழங்கைக்குப் பக்கத்தில். அது திறக்கவேயில்லை...

பத்து நிமிடம் காத்திருந்தார்கள். பிறகு பேனா என் கைக்கு வந்தது.

ஒரு வாரம் கழித்து டல்கார்னோவிடம் நேராகவே கேட்டேன். "அவளை நீங்கதானே உக்கார வச்சீங்க?"

"வச்சிருந்தா ஏலமே செல்லாதும்மா. என் தொழிலும் போயிடும்." அவர் முகம் வெளுத்திருந்தது. வீட்டுப் பத்திரக் கட்டிலிருந்து ஒரு பழுப்புத் தாளை நகர்த்தினார்.

1911, அதே வீட்டின் ஏலம். உச்சத் தொகை கேட்டவள் மேரியன் இன்னஸ். கையெழுத்து இல்லை. ஆகவே வீடு முந்திய தொகை கேட்டவளுக்கு: கிரிசல் ஃபார்கர்.

"வாட்டோட அம்மா," என்றார். "பத்திரத்துல பொறந்த வீட்டுப் பேரைத்தானே எழுதுவோம். 1940ல அந்த வீட்டுலயே இறந்துட்டாங்க."

"அப்ப மேரியன் யாரு?"

"அதுக்கு முன்னாடி அங்க இருந்தவங்க. அந்த ஏலத்துக்கு ரெண்டு வருஷம் முந்தியே புதைச்சாச்சு."

பிறகு எங்கள் தாளை அதன் பக்கத்தில் வைத்தார். உச்சத் தொகை: கிரிசல் ஃபார்கர். கையெழுத்து இல்லை.

அதற்குக் கீழே என் பெயர்.