சின்ன எழுத்து

நான் ஒருவனை ரத்தம் வர அடித்திருக்கிறேன்.

எங்கள் புதுச்சேரி அலுவலகத்தில், கடித டெம்ப்ளேட்டைப் படித்து நிரப்பும் புரோகிராமை எழுதியவன் நான். ஒரு சொல் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தொடங்கினால் அது வேரியபிள், அந்த இடத்தில் மதிப்பை நிரப்பும். இல்லையென்றால் டைப், அதாவது ஒரு வகையின் பெயர், என்று எடுத்துக்கொண்டு வேறு கோப்பில் போய்த் தேடும்; கிடைக்காவிட்டால் நின்றுவிடும். இது நான் வைத்த விதி.

ஒரு நாள் வாடிக்கையாளர் எதிரிலேயே புரோகிராம் நின்றுபோனது. டெம்ப்ளேட் எழுதியவன் செழியன், வீராம்பட்டினத்துக்காரன், என் வயதுதான். தப்பு அவனுடையதுதான் என்று நினைத்து, வந்தவர்கள் போனதும் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"மீன் விக்கிற வூட்ல பொறந்தவனுக்கு கம்ப்யூட்டர் எதுக்குடா?"

முகத்தை மேசை விளிம்பில் மோதினேன். உதடு கிழிந்து கீபோர்டெல்லாம் ரத்தம்.

அவன் திருப்பி அடிக்கவில்லை. வலை இழுத்த கை அது. அடித்திருந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன். வாயைத் துடைத்த விரலால் திரையில் 'ஊர்' என்ற சொல்லைத் தொட்டான்.

"வேரியபிளுக்குத் தமிழ்ல பேரு வெச்சேன். நம்ம எழுத்துல பெருசு ஏது, சிறுசு ஏது? உன் புரோகிராம் எல்லாத்தையும் டைப்புனு நெனச்சிக்குது."

அந்த விதியை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். "வுடு" என்றான்.

இன்றும் எதிர் மேசையில்தான் இருக்கிறான். தையல் போட்ட உதடு கோணலாகத்தான் சிரிக்கிறது. அப்போதெல்லாம் நான் திரையைப் பார்த்துக்கொள்கிறேன்.