ராஜபாளையத்துத் தொப்பிக்காரனும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொப்பிக்காரனும்

வீடியோ கேம் அடாப்டர் சூடேறினால் ஒரு வாசம் வரும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளியும் லேசாகக் கருகிய நூலும் கலந்தாற்போன்ற அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நானும் என் தங்கை கலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். இன்னும் ஒரே ஒரு ஆட்டம்தான், அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்து, "ஏட்டி, சூடு பிடிச்சா பிக்சர் டியூப் போயிரும், அமத்துங்க" என்று காதோடு சொல்லி வயரைப் பிடுங்கிவிடுவாள் என்று அதற்கு அர்த்தம். எங்கேயோ தரையில் கிடக்கிற அடாப்டருக்கும் டிவிக்குள் இருக்கிற பிக்சர் டியூபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை. கேட்டாலும் அதையும் காதோடுதான் கேட்டிருக்க வேண்டும். அந்த வீட்டில் பகல் முழுக்க அப்பா தூங்குவார்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அப்பாவுக்கு வேலை. மற்றவர்களெல்லாம் வாரத்துக்கு வாரம் சிப்ட் மாறிக்கொண்டிருக்க, அவர் மட்டும் தானாகக் கேட்டு வாங்கி வருஷக்கணக்காக "நைட் சிப்ட்" பார்த்தார். காலையில் மில் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் புருவத்திலும் காதுமடலிலும் பஞ்சு ஒட்டியிருக்க சைக்கிளில் வந்து இறங்குவார். குளித்து, சாப்பிட்டு, ஜன்னலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்தாரானால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். வீட்டில் இருந்ததே முன்னறையும் சமையலறையும்தான் என்பதால், டிவி இருந்ததும் அப்பா தூங்கியதும் ஒரே அறையில். "மெதுவா, அவிய தூங்குதாவ" என்பதுதான் அம்மா அந்த வீட்டில் அதிகம் சொன்ன வாக்கியமாக இருக்கும். சப்பட்டை மாம்பழம் விற்கிறவர் தெருவுக்குள் நுழைந்தால் அம்மா வாசலுக்கு ஓடி, அடுத்த வீட்டைத் தாண்டிப்போய்க் கூவும்படி அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வாள். எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகைக் குறைத்துவைத்து, அப்படியே உருவி எடுத்துக்கொண்டுபோய் அஞ்சறைப் பெட்டியில் வெந்தயத்தோடு போட்டுவிடுவாள். சாயங்காலம் செய்திக்கும் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கும்தான் திருகு திரும்ப டிவிக்கு வரும். வெந்தய வாசத்தோடு சினிமா பார்த்த குடும்பம் ஊரிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு தீபாவளி போனஸில் மதுரையிலிருந்து அப்பா வீடியோ கேம் வாங்கிவந்தார். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். கேசட்டின் மேல் நூறு விளையாட்டு என்று போட்டிருந்தாலும் உள்ளே ஏழெட்டுதான் திரும்பத் திரும்ப வேறுவேறு பெயரில் வந்தன. அதில் உருப்படியானது ஒன்றே ஒன்று: தொப்பி போட்ட ஒருவன் இடமிருந்து வலமாக ஓடுவான், பள்ளம் தாண்டுவான், நண்டைத் தாண்டுவான், அருவிக்குக் குறுக்கே கட்டிய கயிற்றுப் பாலத்தில் ஏறி அன்னாசிப் பழம் பறிப்பான். என்ன பெயர் என்று படிக்க முடியாத எழுத்தில் இருந்ததால் அவன் எங்களுக்குத் "தொப்பிக்காரன்" ஆனான். அடுத்த நாள் தெருமுனை எலக்ட்ரிக் கடை அண்ணன் வந்து வயரை மாட்டிக் கொடுத்தபோதும் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். திருகு வெந்தயத்தில் இருந்தது. ஆகவே தொப்பிக்காரன் எங்கள் வீட்டில் ஊமையாகவே பிறந்தான். தாயக்கட்டத்துக்கோ கேரம்போர்டுக்கோ பாட்டு உண்டா என்று யாராவது யோசிப்பார்களா, அப்படித்தான் நாங்களும் யோசிக்கவில்லை.

ஊமை ஆட்டத்தில் நாங்கள் கொண்டாடிய கொண்டாட்டம் கொஞ்சநஞ்சமல்ல. கைதட்டினால் சத்தம் வரும் என்று சுண்டுவிரலால் சுண்டுவிரலைத் தட்டிக்கொள்வோம். கலாவுக்குச் சிரிப்பு வந்தால் பாவாடை நுனியை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்து எனக்கும் வரும். நானும் என் பாவாடையைத் திணித்துக்கொள்வேன். மூன்றாவது கட்டத்துக் குகையில் மேலேயிருந்து பாறை விழும். விழுவதற்குச் சற்று முன் திரையின் உச்சியில் தூசி மாதிரி இரண்டு புள்ளிகள் நடுங்கும் என்பதைக் கண்டுபிடித்தவள் நான். அதைக் கண்டுபிடித்த அன்று ராஜபாளையத்திலேயே நான்தான் அறிவாளி என்று முழுதாக நம்பினேன்.

அந்த நம்பிக்கை அடுத்த ஆடி மாதம் வரை தாங்கியது. ஆடிப்பூரத் தேருக்கு உள்ளூர் விடுமுறை விட்டதும் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீட்டுக்குப் போனாள். சித்தி மகன் பிரபுவுக்கு என் வயது. என்னைவிடச் சில மாதம் மூத்தவன் என்பதை நாள் தவறாமல் ஞாபகப்படுத்துகிறவன். தெருவில் ஊரே திரண்டு வடம் பிடித்து "கோவிந்தா" என்று முழங்கிக்கொண்டிருக்க, அவன் எங்களை உள்ளே இழுத்துப்போய்க் காட்டியது ஒரு கறுப்புப் பெட்டியை. அவன் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கலர் டிவியில் அதை மாட்டிப் பொத்தானை அழுத்தினான். எங்கள் தொப்பிக்காரன் வந்து நின்றான். வந்ததுமே பாட்டும் வந்தது.

டிங்டிங்கென்று ஆரம்பித்து, யாரோ படிக்கட்டில் குதித்துக் குதித்து இறங்குவதைப்போல ஒரு பாட்டு. தொப்பிக்காரன் தாவினால் ஒரு சத்தம், பழம் பறித்தால் ஒரு சத்தம், நண்டு கடித்தால் பரிதாபமாக இன்னொரு சத்தம். கலா வாயைத் திறந்தவள் மூடவில்லை. எனக்கோ சந்தோஷமும் பொறாமையும் ஒன்றாகப் பொங்கி, எதைக் காட்டுவதென்று தெரியாமல், "உங்க தொப்பி ஏன் நீலமா இருக்கு? செவப்புதான சரி" என்று சண்டைக்கு இழுத்தேன். எங்கள் டிவியில் எல்லாமே சாம்பல் நிறம். சிவப்பு என்பது நானாக முடிவு செய்தது.

அங்கிருந்து ஆரம்பமானது ஒப்பீடு. அவர்களுடைய அருவி நிஜமாகவே கொட்டியது, எங்களுடையது வரைந்துவைத்த கோடாக நின்றது. அவர்களுடைய நண்டுக்குக் கண் இருந்தது. ஆனால் அவர்கள் ஆட்டத்தில் கயிற்றுப் பாலத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிற சுரங்கம் இல்லவே இல்லை, எங்களுடையதில் இருந்தது. அதைச் சொன்னால் பிரபு நம்பவில்லை. எங்கள் தொப்பிக்காரன் ஒரு முறை தாவிவிட்டால் தாவியதுதான், அவர்களுடையவன் அந்தரத்தில் திரும்பக்கூடச் செய்தான். அது பழகாமல் நான் முதல் பள்ளத்திலேயே விழுந்து விழுந்து மானத்தை வாங்கினேன். கடைசியாகப் பிரபு சாதாரணமாகத்தான் கேட்டான்.

"ஒங்க கேம்ல பாட்டு எப்பிடி இருக்கும்?"

"பாட்டு வராது" என்றேன்.

"வராதா? அப்ப பெரியப்பாவ கடக்காரன் நல்லா ஏமாத்திட்டான். டூப்ளிகேட்ட தலையில கட்டிருக்கான்."

வெளியே தேர் திருப்பம் தாண்ட, ஊரே ஆர்ப்பரித்தது. அப்பா அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தவர். வழியில் யாரும் இடித்துவிடக் கூடாதென்று ஜன்னலோர இடத்துக்காக இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறியதாகச் சொன்னவர். அவரை ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்பது அவர் காதுக்குப் போகக் கூடாது. "அப்பாட்ட சொல்லீராத பிரபு" என்று கெஞ்சினேன். "காலாண்டு லீவுக்கு ராஜபாளையம் வாரேன்ல, பாத்துட்டுப் பொறவு சொல்லுதேன்" என்றான் அவன், பெரிய மனுஷன் மாதிரி.

திருகு வெந்தயத்தில் கிடப்பது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே வந்துவிட்டது. ஒருவேளை பாட்டு இருந்து, நாங்கள்தான் கேட்காமல் இருக்கிறோமோ? மாட்டித் திருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் திருகிப் பார்த்து, ஒன்றும் வராவிட்டால்? அப்புறம் அப்பா ஏமாந்தது உண்மை என்றாகிவிடும். திருகாதவரைக்கும் பாதிக்குப் பாதி நம்பிக்கை மிச்சம் இருக்கும். பகலில் அப்பாவின் தூக்கம், சாயங்காலம் டிவி பார்க்க வரும் அக்கம்பக்கம் என்று சாக்குகளுக்கும் பஞ்சமில்லை. இரண்டு மாதம் நான் அஞ்சறைப் பெட்டியின் பக்கமே போகாமல் நல்ல பிள்ளையாக இருந்தேன். ஏதோ காய்ச்சல் வரப்போகிறது என்று அம்மா கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

காலாண்டு விடுமுறையில் சொன்னபடியே சித்தியோடு பிரபு வந்து இறங்கினான். அப்பா வழக்கம்போலப் போர்வை தொங்கும் ஜன்னலடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பிரபு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்ததும்தான் எனக்குப் பாதி உயிர் வந்தது. அந்தரத்தில் திரும்பப் பார்த்துப் பள்ளத்தில் விழுந்தான். குகைக்குள் போனதும் பாறை அவன் தலையிலேயே விழுந்தது, மறுபடியும் விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாறை விழும் முன் உறுமல் சத்தம் கேட்குமாம், அதை வைத்தே தாண்டிப் பழகியவனுக்கு நடுங்கும் புள்ளிகள் கண்ணில் படவே இல்லை. கலா பாவாடை நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். பாலத்துக்குக் கீழே சுரங்கத்தையும் திறந்து காட்டினேன். பிரபுவின் காது சிவந்துவிட்டது.

"அதெல்லாம் சரி, பாட்டப் போடு பாப்போம்" என்றான் காதோடு.

"அப்பா தூங்குதாவ."

"இருந்தாத்தான போடுவ."

இதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியாத கலா, எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்; நான் எழுந்து தடுப்பதற்குள் வெந்தயம் ஒட்டிய திருகைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டாள். அவன் மாட்டினான். மாட்டியவன் எந்தப் பக்கம் எவ்வளவு என்று பார்க்காமல் ஒரேயடியாகத் திருகினான்.

வீடு அதிர்ந்தது. டிங்டிங்கென்று, படிக்கட்டில் குதித்து இறங்குகிற அதே பாட்டு. கொஞ்சம் வேகம் கூடுதல், கொஞ்சம் தகர டப்பாவில் தட்டினாற்போல, ஆனால் பாட்டேதான். அந்த ஒரு நொடி நான் அனுபவித்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு பரீட்சை முடிவுகளோ வேலைக்கான உத்தரவோ எதுவும் தந்ததில்லை. எங்கள் அப்பா ஏமாறவில்லை. அடுத்த நொடி அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் சித்தியும் சமையலறையிலிருந்து ஓடிவந்து நிலைப்படியில் நின்றார்கள்; அம்மா கையில் கரண்டியிலிருந்து குழம்பு சொட்டியது. பிரபு பதறிப்போய்த் திருகைப் பின்னால் திருப்பினான்.

"ஏலே, எதுக்குக் கொறச்ச? செத்த நேரம் வை, கேப்போம்" என்றார் அப்பா.

யாரும் அசையவில்லை. அவரே தவழ்ந்து வந்து திருகைக் கூட்டினார். "மதுரையில கடக்காரன் எம்புட்டோ கேம் போட்டுக் காமிச்சான். இந்தப் பாட்டு நல்லாருந்துச்சுன்னுதான் இத வாங்குனேன். வீட்டுல நீங்க ஒரு நாளும் போட்டுக் கேக்கல. சரி, பிள்ளைகளுக்குப் பிடிக்கல போலன்னு விட்டுட்டேன்."

"நீங்க தூங்குதியன்னுல்லா எடுத்து வச்சேன்" என்றாள் அம்மா.

"ராத்திரி பூரா அம்புட்டு மிஷினுக்கு நடுவுல நிக்கவனுக்குச் சத்தத்துக்கு என்ன முழிப்பு வரப்போவுது? அரவமே இல்லன்னாத்தான், வீட்டுல ஆளு இருக்கா இல்லையான்னு முழிச்சு முழிச்சுப் பாக்கேன்."

அம்மா உள்ளே போய்விட்டாள். போகும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். அப்பா எங்களைத் தொடர்ந்து ஆடச் சொன்னார். குகை வந்தபோது உறுமல் சத்தத்தை வைத்துப் பிரபு ஒரு பாறையைத் தாண்டினான், "அப்பிடித்தாம்ல" என்றார். அடுத்த பாறை விழுவதற்குள் அவர் குறட்டை விட ஆரம்பித்திருந்தார். அன்றைக்கு அவர் தூங்கியதைப்போல நிம்மதியான தூக்கத்தை நான் அதுவரை அவரிடம் பார்த்ததில்லை. பிரபு மட்டும் ஊருக்குக் கிளம்பும்போது, "ஒங்க பாட்டு ரொம்ப ஸ்பீடு, எங்க பாட்டுதான் ஒரிஜினல்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான். அந்த வழக்கு அதோடு முடியவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று குடும்பம் கூடிய இடத்திலெல்லாம் வாய்தா போய்க்கொண்டே இருந்தது.

இந்தப் பொங்கலுக்கு ராஜபாளையத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது கலாவின் மகன் அதைத் தீர்த்துவைத்தான். பழைய விளையாட்டுகளெல்லாம் இப்போது போனிலேயே கிடைக்கின்றன. தொப்பிக்காரனின் எல்லா வடிவங்களையும் வரிசையாகத் தேடி எடுத்தவன், முதன்முதலில் இது காசு போட்டு ஆடும் பெரிய பெட்டிக்காகச் செய்தது, உங்கள் இரண்டுமே அதைப் பார்த்துப் பிறகு செய்தவை என்றான். கோயம்புத்தூரிலிருக்கும் பிரபுவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப ரெண்டு பேரும் டூப்ளிகேட்டுதான்" என்று அவன் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. எங்கள் தொப்பிக்காரனின் தொப்பி, போகட்டும், பச்சையாம்.

திருகு வைத்த டிவிகள் போய்விட்டன. ஜன்னலில் தொங்கிய போர்வை போய்விட்டது. அப்பாவின் காதும், ராத்திரி ராத்திரியாக மில்லுக்குக் கொடுத்துக் கொடுத்து, பெரும்பாலும் போய்விட்டது. எங்கள் வடிவத்தை எடுத்துப் போனை அவர் காதருகே பிடித்தேன். செத்த நேரம் உற்றுக் கேட்டுவிட்டு, "சத்தத்தக் கூட்டு தாயி, இங்க யாரு தூங்குதா?" என்றார். முழுச் சத்தத்தில்தான் இருந்தது. கலாவின் மகன் போனை வாங்கிப் பெரிய டிவியோடு இணைத்து, போகிற மட்டும் சத்தத்தைக் கூட்டினான். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. எதிர்வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அப்பாவின் ஆள்காட்டி விரல் நாற்காலிக் கையில் மெல்லத் தட்ட ஆரம்பித்தது. பாட்டின் கணக்குத் தப்பாமல்.

குகைக்குப் போவதற்குள் தலை சாய்ந்து குறட்டை விட்டார். தெருவே அதிர்கிற அந்தச் சத்தத்துக்குள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, உதட்டில் விரலை வைத்து, "மெதுவா, அவிய தூங்குதாவ" என்றாள். நானும் கலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு இருவரும் சேலை நுனியை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தோம்.