புகைக்குள் ஹெக்டரின் முகம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் குறுகிய ஒழுங்கையில் கமரா வைத்திருந்தவள் டோரின் ஒருத்திதான். கலியாணம் கட்டாதவள், தையல் மெசினை நம்பிப் பிழைத்தவள். கப்பலேறிப் போன வெள்ளைக்காரத் துரைசாணி ஒருத்தி கொடுத்துவிட்டுப் போன பெட்டிக் கமரா அது. கறுப்பு அட்டைப் பெட்டி, முன்னால் ஒரு கண்ணாடித் துளை, பக்கத்தில் ஒரு விசை, சுருளைத் திருப்ப ஒரு சாவி. அவ்வளவுதான். அதை வயிற்றோடு அணைத்துக் குனிந்து நின்று விசையைத் தட்டுவாள். யாரையும் முறைத்துப் பார்க்காததால் அதன் முன்னால் சனம் சனமாகவே நின்றது. ஸ்டூடியோவிலோ தூக்குக்குப் போகிறவன் மாதிரி மூச்சைப் பிடித்து நிற்கவேண்டும். பிறகு ஸ்டூடியோக்காரன் பென்சிலை எடுத்து எங்கள் கறுப்பு மூஞ்சிகளையெல்லாம் வெளுத்துவிடுவான்.

“என்ட கமராவுக்குப் பொய் சொல்லத் தெரியாது,” என்பாள் டோரின். “முன்னால என்ன நிக்குதோ அதுதான் விழும். இது பாவம், ஒண்டும் தெரியாத பெட்டி.”

ஒழுங்கை முழுக்க இந்தப் பேச்சைக் கேட்டுச் சலித்திருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் மட்டும் கெட்டிருந்தால் பரவாயில்லை.

பக்கத்து வீட்டு ஹெக்டர் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். எதற்கும் வாய்விட்டுச் சிரிப்பான். மனைவி பிலோமினா, கைக்குழந்தை றீற்றா. அவர்களிடம் ஒரு கலியாணப் படம்கூட இல்லை. 1942ஆம் வருஷம் குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து வந்தவனை டோரின் மதிலோரம் மறித்தாள். குழந்தையைத் தோளில் வைத்து அவன் சிரிக்க, விசையைத் தட்டினாள். உடனே குழந்தை வீறிட்டது. கமராவைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்க் குழந்தையை வாங்கினாள். சாவியைத் திருப்ப மறந்துபோனாள். திருப்பாவிட்டால் அடுத்த படமும் அதே இடத்தில்தான் விழும். அந்தப் பெட்டிக்கு அதைத் தடுக்கத் தெரியாது.

அடுத்த ஞாயிறு பாஸ்கு, இயேசு உயிர்த்த திருநாள். அந்த வருஷம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்யாமல், விடியவே வேலைக்குப் புறப்பட்டான் ஹெக்டர்.

“பாஸ்கு நாளிலயும் பூசைக்கு வராம என்ன வேலை?” என்று வாசலில் நின்று கத்தினாள் பிலோமினா.

“கப்பலுக்குப் பாஸ்கு தெரியுமா? பின்னேரம் சாமியாரிட்ட போறன், விடு.”

அன்று காலையிலேயே ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். டோரின் மாடி ஜன்னலுக்கு ஓடினாள். கரும்புகை வானத்தில் ஏறிக்கொண்டிருந்தது. துறைமுகத்தைப் படமெடுத்தால் பிடித்து மறியலில் போடுவார்கள் என்று தெரிந்தும் கை சும்மா இருக்கவில்லை. கமராவின் பின்பக்கச் சிவப்பு வட்டத்தில் ஐந்து என்று தெரிந்தது. ஐந்தாவது படம் எடுத்தாயிற்றா, இனித்தானா? நினைவு வரவில்லை. யுத்த காலத்தில் ஃபிலிம் சுருள் குதிரைக்கொம்பு. ஒரு படத்தை வீணாக்க மனமில்லாமல் அப்படியே தட்டிவிட்டாள்.

அந்தப் புகைக்கடியில் ஹெக்டர் கிடந்தான் என்பது பின்னேரம்தான் தெரிந்தது. சவப்பெட்டியை மூடியே கொண்டுவந்தார்கள். “ஒருக்கா முகத்தைக் காட்டுங்கோ” என்று பிலோமினா அதன்மேல் விழுந்து கதறியது இன்றும் என் காதை விட்டுப் போகவில்லை. காட்டுவதற்கு முகம் இருக்கவில்லை.

“பிலோ, அவன்ட முகம் என்னிட்ட இருக்கு. கழுவித் தாறன்,” என்றாள் டோரின். அந்த வாக்குத்தான் பிலோமினாவை எழுப்பி ஒரு வாய் கஞ்சி குடிக்க வைத்தது. முப்பத்தோராம் நாள் பூசைக்குள் படம் வந்துவிடுமா என்று தினமும் வந்து கேட்பாள்.

படம் கழுவுகிற கோட்டைக் கடைக்காரர் குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி, நாள் கழித்து ஆறுதலாகத் திரும்பி வந்தார். அவர் கொடுத்த படத்தை டோரின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வானத்து வெளிச்சம் குழந்தையையும் மதிலையும் அழித்துவிட்டிருந்தது. புகை கறுத்திருந்த இடத்தில் மட்டும் ஹெக்டரின் முகம் தப்பியிருந்தது. சுற்றிலும் புகை, நடுவில் வாய் திறந்த ஒரு தலை. அவனை அறிந்தவர்களுக்கு அது சிரிப்பு. கிழித்துவிடலாமா என்று நினைத்தபடி வந்தவளை ஒழுங்கை முனையிலேயே மறித்துப் படத்தை வாங்கிவிட்டாள் பிலோமினா.

எங்கள் கோயில் சுவரில், செத்தபின் பாவம் தீர நெருப்பில் உத்தரிக்கிற ஆத்துமங்களின் படம் ஒன்று தொங்கும். நெருப்பும் புகையும் சூழ, வாயைத் திறந்து மன்றாடும் முகங்கள். சிறு வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் பிலோமினா.

“உத்தரிக்கிற ஸ்தலத்தில நிக்கிறார், அக்கா. பாவசங்கீர்த்தனம் செய்யாமப் போனவர்.”

“ஐயோ, இல்லை பிள்ளை! நான் சாவியைத் திருப்பல்ல. ரெண்டு படம் ஒண்டா விழுந்திட்டு. அது துறைமுகத்துப் புகை. அவன் சிரிக்கிறான், வடிவாப் பாரு!”

“என்னை ஆத்தத்தான் சொல்றீங்க. முன்னால நிக்கிறதுதான் விழுமெண்டு சொன்னது நீங்கதானே?”

இரண்டு படம் ஒன்றாக விழுவதைச் செய்து காட்ட இன்னொரு சுருள் கிடைக்கவில்லை. டோரின் சாமியாரிடம் ஓடினாள். “செபிக்கிறது நல்லதுதானே” என்று அவர் முடித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிலோமினா தோட்டைக் கழற்றி விற்று அவன் ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்கொடுத்தாள். திங்கட்கிழமை தவறாமல் பட்டினி கிடந்தாள். சிரிப்பு என்பதே அந்த வீட்டில் அற்றுப்போனது. டோரின் அதன்பிறகு கமராவைத் தொடவே இல்லை.

யுத்தம் முடிந்தபின் ஒருநாள், சட்டைக்கு அளவு கொடுக்க றீற்றா டோரினிடம் வந்தாள். நானும் அங்கிருந்தேன்.

“டோரின் மாமி, அப்பாவுக்கு இன்னும் சுடுதா?”

டோரின் அளவு நாடாவைப் போட்டுவிட்டு அவளை அணைத்துக்கொண்டாள். “இல்லை ராசாத்தி. அப்பா சிரிச்சுக்கொண்டு நிண்டவர். உன்னைத் தோளில வச்சுக்கொண்டு நிண்டவர்.”

பிள்ளை அணைப்பிலிருந்து விலகி நிமிர்ந்து பார்த்தது.

“படத்தில நான் இல்லையே, மாமி.”