பேனையால் எழுதிய பன்னிரண்டு போத்தல்கள்

பௌர்ணமிப் போயா விடுமுறை என்றால் எங்கள் ஆய்வுகூடத்தைப் பூட்டிவிடுவார்கள். அதனால் இருபத்து நான்கு போத்தல்களையும் கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டு வந்திருந்தேன். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட்டில் ஊறிய ஆற்றுப் பூச்சிகள். பாதி, நுவரெலியாவுக்கு மேலே உள்ள ஒரு குளிர் ஓடையில் எடுத்தவை. மறுபாதி, மன்னார்ப் பக்கத்து வெக்கையில் ஓடும், அருவி ஆறு என்று பெயர் கொண்ட ஆற்றில் எடுத்தவை. எந்தக் காலநிலையில் எந்தப் பூச்சி வாழ்கிறது என்பதுதான் என் முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வு. மறுநாள் காலை பேராசிரியர் மேடத்திடம் அட்டவணையைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தவணை தவறியவள் நான். மூன்றாவது தடவை தவறினால் இந்த வருடம் பட்டம் இல்லை என்று அவர் சிரிக்காமல் சொல்லியிருந்தார்.

இரண்டு பயணத்துக்கும் என்னோடு வந்த தோழி, மத்தியானம் கொட்டாஞ்சேனையிலிருந்து உதவிக்கு வந்தாள். இரண்டு இடத்திலும் ஆளாளுக்கு நிரப்பி லேபிள் எழுதிய போத்தல்கள், பன்னிரண்டு பன்னிரண்டாக அவரவர் பெட்டியில் இருந்தன. என் பெட்டியில் முதல் போத்தலைத் திறந்து, உள்ளே மடித்துப் போட்டிருந்த கடதாசித் துண்டை இடுக்கியால் எடுத்து விரித்தாள்.

“என்னடி இது, வெறும் வெள்ளையா இருக்கு?”

அடுத்ததும் வெள்ளை. அதற்கடுத்ததும். ஸ்பிரிட் மட்டும் லேசாக நீலம் பிடித்திருந்தது.

“ஐயோ மாதாவே! பேனையாலயா எழுதினனீ?”

“ஓம்.”

போத்தலுக்குள் போடும் லேபிளைப் பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனை மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித் தருவது இது. எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஈரக் கையோடு பென்சிலைக் கூராக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை எங்கே? எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வேலை செய்கிறவள் நான். அவள் ஆற்றங்கரையிலேயே எச்சரித்தாள். கேட்கவில்லை.

அவள் பெட்டியில் ஒன்றிரண்டைத் திறந்து பார்த்தோம். பென்சில் எழுத்து சிதையாமல் இருந்தது. என் பெட்டியில் பன்னிரண்டும் போயிருந்தன. இலக்கமும் அதே துண்டில்தான் எழுதியிருந்தேன். மூடிகள் எல்லாம் ஒரே மாதிரி. பயணத்தில் குலுங்கி ஒழுங்கும் கலைந்திருந்தது. கடற்கரை ரயில் போகும்போது மேசையில் போத்தல்கள் கிலுகிலுத்தன. அந்தச் சத்தத்தின் மேலும் கோபம் வந்தது.

பிறகு ஒரு வழி தோன்றியது. பூச்சியைப் பார்த்தே பிரித்துவிடலாமே! கல்லோடு ஒட்டிக் கிடக்கும் தட்டையான மூன்று வால் பூச்சி இருந்தால் குளிர் ஓடை. நத்தையும் சிவப்புப் புழுவும் இருந்தால் அருவி ஆறு. லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தேன். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டும் இரண்டு வரிசையாகிவிட்டன, இடது பக்கம் குளிர், வலது பக்கம் வெயில். அத்தனை சுத்தமான முடிவு அதுவரை எந்த ஆய்விலும் எனக்குக் கிடைத்ததில்லை.

தோழி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“எது எங்க இருக்கும் எண்டு நீயே முடிவெடுத்திட்டாய். அப்ப நாங்கள் ஏன் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு போனனாங்கள்?”

“உனக்குச் சொல்ல லேசு. நாளைக்கு மேடத்துக்கு முன்னால நிக்கப்போறது நான்!”

கத்திவிட்டேன். விட்டுக்கொடுக்க மனமில்லாமல், அவள் பெட்டியில் திறக்காத போத்தல் ஒன்றை எடுத்துத் தட்டில் ஊற்றினேன். மூன்று வால் பூச்சிகள், ஏழெட்டு.

“பார், குளிர் ஓடை. இப்ப லேபிளை எடு.”

அவள் விரித்துப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். கோணல்மாணலான பென்சில் எழுத்தில், ‘அருவி ஆறு, அணைக்குக் கீழே’ என்றிருந்தது.

அந்த மூலை நினைவுக்கு வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் மட்டும் கற்களில் அடித்துக்கொண்டு வேகமாக ஓடியது. அந்தப் பூச்சிக்கு வேண்டியது குளிரல்ல, அந்த ஓட்டம்தான் போல. அங்கே வாழாது என்று நான் தீர்ப்பெழுதிய பூச்சி அங்கே சாவகாசமாக வாழ்ந்திருக்கிறது. அதே பூச்சியை நம்பி ஐந்து போத்தல்களை இடது வரிசையில் வைத்திருந்தேன். மறுநாள் அதை அட்டவணையாக்கி, அந்தப் பூச்சி அந்த ஆற்றில் இல்லை என்று கையெழுத்தும் போட்டிருப்பேன். நினைக்கவே கூசியது.

மேடத்துக்குப் போன் எடுத்து, பன்னிரண்டு போத்தல்கள் பழுது என்று சிங்களத்தில் சொன்னேன். மறுமுனையில் அவர் கேட்டார்.

“லேபிள் எழுதியது யார்?”

“நான்தான், மேடம்.”

“அந்தப் பன்னிரண்டையும் கணக்கில் எடுக்காதே. அடுத்த மழைக்கு மறுபடி போ. பட்டம் அதற்குப் பிறகு.” வைத்துவிட்டார்.

இரண்டு வரிசைகளையும் நானே கலைத்தேன். தோழி உதவ வந்தாள், வேண்டாம் என்றேன். கடைசிப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் பூச்சிகள் கால்களை மடித்துக் கிடந்தன. அவற்றை ஆற்றிலிருந்து எடுத்துக் கொன்றவள் நான். எந்த ஆறு என்றுகூடச் சொல்ல முடியாமல் செய்தவளும் நான். பட்டம் தள்ளிப் போனதற்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது.