செல்லபாய் எழும்பவில்லை

மலையடிவாரத்து விதுரா டிஸ்பென்சரியில் பிரசவ நர்ஸாக இருந்த செல்லபாய்க்கு, திருவனந்தபுரம் போகும் பஸ்ஸின் வழக்கம் தெரியாமல் இல்லை. மலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் பகவதிப்பெருமாள் பிள்ளை ஏறினால், முன் பெஞ்சில் இருப்பவர்கள் எழும்பிவிட வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஊரில் பாதிப் பேருக்கு வேலையும் குடியிருப்பும் அவர் வாய்ச்சொல்லில் இருந்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, ஆடி மாதம். தோட்டத்துக் கூலிக்காரி ரோஸுக்கு எட்டாம் மாதத்திலேயே உதிரம் போகத் தொடங்கியது. திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, குலுக்கல் குறைந்த முன் பெஞ்சில் அவளைப் படுக்க வைத்து, தலையை மடியில் தாங்கிக்கொண்டாள் செல்லபாய்.

மூன்றாவது மைலில் பிள்ளை குடையை மடக்கிக்கொண்டு ஏறினார்.

கண்டக்டர் தாணுலிங்கம் குனிந்தான். "நர்ஸம்மா, கொஞ்சம் பின்னால மாறி இருக்கலாமே..."

"இவளை அசைக்கப்பிடாது. ரத்தம் நிக்கல்லே."

பிள்ளை சிரித்தார். "இருக்கட்டும், இருக்கட்டும். நான் நின்னோளாம்."

அவர் நின்றார். உடனே பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கிழவர்களும் கைக்குழந்தைக்காரியும்கூட. காலி பெஞ்சுகள் ஆட, பஸ் முழுக்க ஆட்கள் நின்றபடி போனார்கள்.

"நர்ஸுக்கு அப்பா பேரு?" என்று கேட்டார் பிள்ளை.

"சுவாமிதாஸ்."

"வீடு?"

"மார்த்தாண்டம் பக்கம்."

"இங்கே தாமசம்?"

செல்லபாய் தயங்கினாள். "சந்தைக்குப் பின்னால."

"தனிச்சா?"

அவள் குனிந்து ரோஸின் நெற்றியைத் துடைத்தாள். "நல்லது," என்றார் அவர்.

ரோஸ் பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது. நாலாம் நாள் செல்லபாய் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறப் போனாள். தாணுலிங்கம் வாசலை மறித்தான். உள்ளே ஆறு பேர்தான் இருந்தார்கள்.

"இடமில்லே, அம்மா."

"என்னடே சொல்லுதே?"

"எனக்கும் பிள்ளைங்க உண்டு," என்றான், முகத்தைப் பார்க்காமல்.

நெடுமங்காடு வரை ஒரு மாட்டுவண்டி கிடைத்தது. மீதி வழியை நடந்து ஊர் சேர்ந்தபோது, அவளுடைய டிரங்குப் பெட்டி கயிறு கட்டி, அவள் குடியிருந்த வீட்டு வாசலில் இருந்தது. கயிற்றை அவிழ்த்துப் பார்த்தாள்; உடுப்பெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. யார் கை பட்டதோ என்று ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். வேறு ஆளுக்கு வீடு பேசியாகிவிட்டது என்றான் வீட்டுக்காரன். டிஸ்பென்சரியின் மருந்து அறையிலேயே பாய் விரித்தாள். கதவுக்கு உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

பிள்ளை சாகும்வரை, ஒன்பது வருஷம், அவள் பஸ் ஏறவில்லை. வழியில் பார்க்கும்போதெல்லாம் அவர் நின்று சுகம் விசாரிப்பார். ரோஸைத் தோட்டத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. அவள் எங்கே போனாளென்று யாரும் சொல்லவில்லை. நோவு கண்ட பெண்கள் மட்டும் ரோட்டை விட்டு, ரப்பர் மரங்களுக்கிடையே நடந்து, மருந்து அறையின் பின்கதவைத் தட்டினார்கள். செல்லபாய் பெயரைக் கேட்டுவிட்டுத் தாழ்ப்பாளை எடுப்பாள்.