மயில் படம் போட்ட பஸ்

ஐந்தாம் வகுப்பு படித்தபோது நான் ஐந்து நாட்கள் உளவு வேலை பார்த்தேன். வேலை கொடுத்தது என் அம்மா. கூலி, நாளொன்றுக்கு ஒரு கைமுறுக்கு.

ராசிபுரத்தில் மூடிக் கிடந்த தறிக்கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து அம்மா பள்ளி நடத்திக்கொண்டிருந்தாள். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளி. கட்டணம் கிடையாது. மதியச் சோறு யாராவது பிறந்தநாளுக்கோ, யாராவது நினைவுநாளுக்கோ போடுவார்கள். இரண்டும் இல்லாத நாளில் எங்கள் வீட்டு அரிசி வேகும். ஒரு பிள்ளை தன் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிவிட்டால் அம்மா அன்று முழுக்கப் பாட்டாகப் பாடிக்கொண்டிருப்பாள். நான் நாலு வயதிலேயே எல்லாப் பொத்தானும் மாட்டினேன், எனக்கு யாரும் பாடவில்லை. இந்த மனத்தாங்கலை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது துளி வெட்கமும் இருந்ததில்லை.

அந்தப் பள்ளியில் செல்வி என்று ஒருத்தி படித்தாள். பதினெட்டு வயது, ஊர் ஆட்டையாம்பட்டி. அவளுடைய அப்பா தறி ஓட்டுகிறவர். காலையில் கொண்டுவந்து விட்டு, மாலையில் வந்து கூட்டிப்போனால் அவருக்குப் பாதி நாள் போய்விடும். ஒருநாள் வந்து நின்று, “முடியலீங்க டீச்சர். இனி ஊட்டுலயே இருக்கட்டும்” என்றார். வீட்டில் இருப்பது என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியும். இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன் செல்வி பத்து வருஷம் தறிக்குப் பின்னால் ஒரே மூலையில் உட்கார்ந்திருந்தவள். அம்மா ஒரு வாரம் அவகாசம் கேட்டாள், தனியாக பஸ்ஸில் போக நான் பழக்கிவிடுகிறேன் என்றாள். சனிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன் என்றார் அவர்.

செல்விக்கு எழுத்துத் தெரியாது. நாலரை மணி தனியார் பஸ்ஸின் முகப்பில் பெரிய மயில் வரைந்திருக்கும். மயில் இருந்தால் ஏறு, முறுக்குக் கடை தெரிந்தால் இறங்கு. இவ்வளவுதான் பாடம். திங்கட்கிழமை அம்மா கூடவே போய்க் காட்டினாள். செவ்வாயிலிருந்து தனியாக. தனியாக என்பது பேருக்குத்தான். முன்வாசலில் அவள் ஏற, பின்வாசலில் நான் ஏற வேண்டும். டீச்சர்கள் பின்னால் போனால் ஓடிவந்து முந்தானையைப் பிடித்துக்கொள்வாளாம். உன்னைப் போலச் சின்னப் பெண் என்றால் சந்தேகம் வராது என்றாள் அம்மா. நம்பினேன். அம்மா மொபெட்டில் முன்னாலேயே போய் முறுக்குக் கடைக்குப் பின்னால் ஒளிந்து நிற்பாள். செல்வி வீட்டுப் பக்கம் திரும்பியதும் நான் முறுக்கை வாங்கிக்கொண்டு, அன்று பார்த்ததை நோட்டில் எழுதித் தருவேன்.

நாலு நாளும் நல்லபடியாகப் போனது. ஒரே ஒரு குறையைத்தான் நான் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் செல்வி பின்பக்கம் திரும்பிப் பார்ப்பாள். நான் சட்டென்று சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இதைத் தினமும் கண்டிப்பாக எழுதினேன். அம்மா படித்துவிட்டு, கீழே சிவப்பு மையில் குறித்துத் தருவாள்.

சனிக்கிழமை மயில் பஸ் வரவில்லை. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்குவதற்காகப் பட்டறையில் விட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக ஸ்பேர் பஸ் ஒன்று மொட்டை முகத்தோடு வந்து நின்றது. நான்தான் எழுத்துத் தெரிந்தவள் ஆயிற்றே. போர்டில் ஆட்டையாம்பட்டி என்று படித்தேன், பின்வாசலில் ஏறினேன், சன்னலோர சீட்டைப் பிடித்தேன். பஸ் நகர்ந்த பிறகுதான் முன்னால் பார்த்தேன். செல்வி இல்லை. வெளியே எட்டிப் பார்த்தால் பஸ் ஸ்டாண்ட் நிழற்குடைக்குக் கீழே நின்றுகொண்டு, வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நொடி பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வந்தாள்.

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. உளவாளி கத்தக் கூடாது என்று ஒரு வீம்பு. ஊர் எல்லை தாண்டியதும் வீம்பு போய் அழுகை வந்தது. அழுகைக்கு நடுவிலும் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்தேன். அவள்தான் ஏறவில்லை, என் மேல் தப்பே இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டருக்கு செல்போன் அடித்தது. பேசிக்கொண்டே சீட் சீட்டாகப் பார்த்து வந்தவர் என்னிடம் நின்றார். “டீச்சர் பாப்பா நீதானா கண்ணு?” எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி, அந்தக் கண்டக்டரிடம் ஒப்படைத்துத் திருப்பி அனுப்பினார். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் அறை வாசலில் செல்வி நின்றிருந்தாள். மயில் இல்லாத பஸ்ஸில் பாப்பா தனியாகப் போகிறது என்று டைம்கீப்பரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவர் போன் போடும்வரை அவள் விடவே இல்லையாம். என்னைக் கண்டதும் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், வலித்தது. அடுத்து வந்த பஸ்ஸிலும் மயில் இல்லை. நான் போர்டைப் படிப்பதற்குள் அவளே கண்டக்டரிடம் போய், “ஆட்டையாம்பட்டி போவுதுங்களா?” என்று கேட்டாள். இதை அம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

ஆட்டையாம்பட்டியில் இறங்கியபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். அம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது. பக்கத்தில் செல்வியின் அப்பா. “இதுக்குத்தானுங்க நான் மொதல்லயே சொன்னேன். இனி வேண்டாங்க” என்றார். செல்வி அவரைப் பார்க்கவே இல்லை. நேராக அம்மாவிடம் போய், “பாப்பாவக் கொண்டாந்துட்டேனுங்க டீச்சர்” என்றாள். அம்மா என்னை விட்டுவிட்டு முதலில் அவள் தலையைத்தான் தடவினாள். எனக்குப் புசுபுசுவென்று கோபம் வந்தது. யோசித்து வைத்த பொய்யைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் செல்வியின் கால் இரண்டும் வெறுங்காலாக இருந்தன. பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியதில் செருப்பு எங்கேயோ போயிருந்தது.

“நான்தான் தொலைஞ்சு போயிட்டேன். அவ தொலையல” என்றேன்.

நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டுச் செல்வியின் அப்பா மகள் பக்கம் திரும்பினார். “நீயாவா சாமி கேட்டு ஏறுன?” என்றார். ஆமாங்கப்பா என்றாள். அவர் துண்டால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் பஸ் ஏற்றி விடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னார். அன்று எனக்கு முறுக்கு கிடைக்கவில்லை. யாருக்கும் ஞாபகம் இல்லை.

இப்போது அம்மாவுக்கு முட்டிவலி, பள்ளியை நான் பார்த்துக்கொள்கிறேன். செல்வி இங்கேயே சமையலுக்கு உதவி செய்கிறாள், தினமும் பஸ்ஸில்தான் வந்து போகிறாள். போன மாதம் ஒரு பையனுக்கு பஸ் பாடம் தொடங்கினோம். அவனுக்குத் தெரியாமல் பின்னால் போக முடியுமா என்று அவளிடம் கேட்டேன்.

“அதெல்லாம் நல்லாத் தெரியும் பாப்பா. உன்னையக் கூட்டிட்டுப் போனனே.”

நான்தானே உன் பின்னால் வந்தேன் என்றேன். செல்வி விவரம் புரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். “பாப்பாவுக்குத் தனியா பஸ்ல போவப் பயம், பின்சீட்டுல உக்காந்திருக்கும், பாக்காத மாதிரியே பாத்துக் கூட்டியாந்துருன்னு டீச்சர்தான் சொன்னாங்க.”

அன்று மாலை பழைய பீரோவில் அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். என் கோழிக்கிறுக்கல் அப்படியே இருக்கிறது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, நாலு நாளும் ஒரே வரி: ‘பயத்தில் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறாள்.’ ஒவ்வொன்றுக்கும் கீழே அம்மா சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று போட்டிருக்கிறாள். அது என் கையெழுத்துக்கு என்றுதான் அப்போது நினைத்தேன்.