தாளிப்பு நின்ற வாரம்

சூடான நல்லெண்ணெயில் கடுகு விழுந்து படபடவென்று வெடிக்கும் சத்தமும், அதன் பின்னாலேயே கறிவேப்பிலையும் பெருங்காயமும் பொரிந்து கிளம்பும் வாசனையும்தான் நான் பிறந்து வளர்ந்த தெருவுக்குச் சேவல். மயிலாப்பூர்க் குளத்திலிருந்து சாந்தோம் கடற்கரைக்குப் போகிற வழியில், ஒரு பக்கம் தையல் கடை, மறு பக்கம் விறகு விற்கும் தொட்டி, நடுவில் நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் "காபி கிளப்". இப்போது ஓட்டல் என்கிறோமே, அதை அந்தக் காலத்தில் கிளப் என்றுதான் சொல்வார்கள். கடலில் முழுக்குப் போட்டுவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்கள், கடற்காற்று வாங்கினால் ஆயுசு கூடும் என்று டாக்டர் சொன்னதை நம்பி விடிகாலையில் நடந்துவிட்டு வரும் பென்ஷன்காரர்கள், டிராம் பிடிக்க ஓடுகிற குமாஸ்தாக்கள் எல்லாருக்கும் காலைப் பலகாரம் எங்களிடம்தான். அதே தெருவில் இன்னும் இரண்டு கிளப்புகள் இருந்தன. ஆனாலும் எங்கள் சரக்கு மாஸ்டர் கோவிந்து சட்னிக்குத் தாளித்துக் கொட்டினால் அந்த வாசனை தெருமுனை வரைக்கும் போய் ஆட்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும் என்று நைனா பெருமையாகச் சொல்வார்.

முப்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாதத்தில், அந்த வாசனை நின்றுபோனது. இது பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய கதையா என்று என் மனைவி கேட்டாள். பிள்ளைகளுக்குத்தான் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தங்கை அம்சாவுக்கு நாலு. கிளப்பின் பின்கட்டில்தான் எங்கள் குடித்தனம். ஒரு கூடம், ஒரு ரூம், கிளப்புக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரே சமையற்கட்டு. மாசி மாதத்தில் கார்ப்பரேஷனிலிருந்து அம்மை குத்துகிறவர், அதாவது தடுப்பூசி போடுகிறவர், வீடு வீடாக வந்தார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் முன்பே குத்தியாகிவிட்டது. அம்சாவுக்குக் குத்தவேண்டும் என்று அம்மா சொன்னதும் நைனா, "குத்தினா காய்ச்சல் அடிக்கும், கை வீங்கும். அறுபத்து மூவர் வேற வருது. திருவிழா முடியட்டும்" என்று சொல்லி, அம்மாவையும் அவளையும் விறகுத் தொட்டிக்குப் பின்னால் அனுப்பிவிட்டு, வீட்டில் சின்னக் குழந்தை யாரும் இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டார். பங்குனித் திருவிழாவின் பத்து நாளும் எங்கள் கிளப்பில் நிற்க இடம் இருக்காது. அந்த நேரத்தில் குழந்தை காய்ச்சலோடு படுத்தால் யார் பார்ப்பது என்றுதான் அவர் நினைத்தார். வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

கோயிலில் கொடியேறிய மறுநாள் அம்சாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. இரண்டு நாள் கழித்து நெற்றியிலும் முழங்கையிலும் "முத்து" கிளம்பியது. அம்மை என்றால் இப்போது நீங்கள் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுப் படுத்திருக்கிறீர்களே, அந்த அம்மை அல்ல. பெரியம்மை. நுழைந்த வீட்டில் ஆளைக் கொண்டுபோகும். ஆளை விட்டுவைத்தால் கண்ணையாவது கொண்டுபோகும்.

அதை நோய் என்று அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "ஆத்தா வந்திருக்கா" என்பார்கள். ஆத்தா வந்த வீட்டில் வாசலில் வேப்பிலை கட்டவேண்டும். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றக்கூடாது. தாளிக்கக்கூடாது, பொரிக்கக்கூடாது, காப்பிக்கொட்டைகூட வறுக்கக்கூடாது. கடுகு வெடிக்கிற சூடு, படுத்திருக்கிற குழந்தையின் உடம்பில் போய் ஏறும் என்று நம்பினார்கள். தாளிப்பதே பிழைப்பாக இருக்கிற எங்கள் வீட்டுக்குள்தான் அவள் வந்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் சமையற்கட்டில் நைனாவும் அம்மாவும் குரலை அடக்கிக்கொண்டு போட்ட சண்டையை நான் அம்சாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"வாசல்ல வேப்பிலை கட்டணும். நீ ஆத்தாளை ரூம்புல ஒளிச்சி வெச்சிக்கினு இட்லி விக்கப் போறியா?" என்றாள் அம்மா.

"வேப்பிலையைப் பார்த்தா ஜனம் ஓடும். ஓடட்டும், போவட்டும்" என்றார் நைனா. "ஆனா வண்டி வருமேடி! அந்த வண்டில போன குழந்தை எது திரும்பி வந்துது, ஒண்ணு சொல்லு பாப்பம்."

வண்டி என்று அவர் சொன்னது கார்ப்பரேஷன் வண்டியை. அம்மை கண்ட வீடு தெரிந்தால் சானிட்டேரி இன்ஸ்பெக்டர் வருவார். நாலு பக்கமும் மூடிய அந்த வண்டியில் நோயாளியை ஏற்றி, ஊருக்கு வடக்கே இருந்த தொத்துவியாதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே போனவர்கள் பிழைப்பதில்லை என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். அம்மா கையிலிருந்த வேப்பிலைக் கொத்தைக் கீழே வைத்தாள். நைனா என் பக்கம் வந்து, "யாராச்சும் கேட்டா, அம்சா சைதாப்பேட்டைல மாமா வூட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லு. வேற வாயைத் திறக்காதே" என்றார். அவர் கை என் தோளில் இருந்தது.

மறுநாள் காலை கிளப் திறந்தது. இட்லி வெந்தது, காப்பி கலந்தது. சட்னி வெள்ளையாக, மொட்டையாக வந்து இலையில் விழுந்தது. வடை இல்லை, தோசை இல்லை. தபால்காரராக இருந்து ரிடையரான கண்ணுசாமி என்பவர், தினமும் முதல் இலை அவருக்குத்தான், மூக்கைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இன்னா முதலியாரே, வாசனையே காணோம்? கோவிந்து எண்ணெயைக் குடிச்சிட்டானா?"

"அடுப்பு ரிப்பேரு. புகை மண்டிக்குது" என்றார் நைனா.

"அடுப்பு ரிப்பேருன்னா இட்லி இன்னா வெயில்லயா வெந்துது?"

எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். அவர் சிரிப்பு நின்ற பிறகும் பல் தெரிந்துகொண்டே இருந்தது.

அதற்கு அடுத்த நாளிலிருந்து கோவிந்து பக்கத்துச் சந்தில் தன் வாடகை ரூமில் தாளித்து, தூக்குப் பாத்திரத்தில் மூடிக் கொண்டுவந்து சட்னியில் கொட்டினான். ஆறிப்போன கடுகு அடியில் போய்த் தங்கியது. ஆனாலும் ஜனங்கள் சாப்பிட்டார்கள், அடுப்பு எப்போது சரியாகும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ராத்திரிக்குள் அம்சாவின் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. "வேற அடுப்புல தாளிச்சா ஆத்தாளுக்குத் தெரியாதா?" என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

எனக்கு வேறு பயம். எங்கள் வாத்தியார் வகுப்பில் சொல்லியிருந்தார், அந்த நோய் மூச்சில் வரும், துணியில் ஒட்டும், கையில் ஒட்டும் என்று. நான்தான் அம்சாவுக்கு வேப்பிலையால் விசிறிவிட்டு, அவள் வாயைத் துடைத்துவிட்டு, அதே கையோடு காலையில் கிளப்பின் பக்கத்து ஜன்னலில் நின்று இட்லி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை தோல் உரிந்துபோனது. வாத்தியார் சொன்னது நிஜம் என்றால் நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று யோசிப்பேன். பொய் என்றால் அம்சாவுக்கு எப்படி வந்தது என்று யோசிப்பேன். இரண்டு பக்கமும் வழி அடைத்திருந்தது.

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்லவேண்டும். குப்பத்து மீனவர்களை உள்ளே வந்து பெஞ்சியில் உட்கார அந்தக் காலத்தில் விடமாட்டார்கள். அவர்களுக்கு ஜன்னல்தான். அது தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. ரோசம்மா என்று ஒருத்தி சாந்தோம் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு சைதாப்பேட்டைக்குப் போகிற வழியில் தினமும் அங்கே நிற்பாள். இடுப்பில் இன்னும் ஒரு வயசு நிறையாத பையன், பேர் சவரி. இட்லியைத் தண்ணீரில் கரைத்து அங்கேயே அவனுக்கு ஊட்டுவாள். என்னை அவள் கூப்பிடுவது "மருமவனே" என்று. "அடுத்தது பொட்டைப் புள்ள பொறந்தா உனக்குத்தான். ஆனா இந்த மூக்கோட பொண்ணு குடுக்கறதான்னு யோசிக்கிறேன்" என்பாள். நான் அம்மையை மறைத்துவைத்திருந்த மூன்று காலைகளிலும் அந்தக் குழந்தை நான் கட்டிக் கொடுத்த இட்லியைத்தான் தின்றது.

அறுபத்து மூவர் அன்றைக்கு விடியும்போதே தெரு கொள்ளாத கூட்டம். கிளப்பில் ஓர் இலை எடுப்பதற்குள் இன்னொருவர் உட்கார்ந்தார். ரோசம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். "இன்னா மருமவனே, மூஞ்சி செத்துப் போய்க் கீது? சாமி பாக்க வுடலியா உங்க நைனா?" என்றவள், தலையில் கூடைக்கு அடியில் வைத்திருந்த சும்மாட்டுத் துணி அவிழ்வதைப் பார்த்துவிட்டு, குழந்தையை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினாள். "கொஞ்சம் புடி இவனை. சும்மாடு சரிஞ்சிக்கினு வருது."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"புடிடா!"

இரண்டடி தள்ளிப் போனேன். அவள் முகம் மாறியது.

"ஓகோ. மீன் நாத்தமா? நேத்து வரைக்கும் நாறலியா உனக்கு? ஒம்போது வயசுலயே பெரிய மனுசன் ஆயிட்டியா?" அவள் குரல் கிளப்புக்குள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி உயர்ந்தது. நைனாவும் பார்த்தார். அவர் கையில் காப்பி டவரா இருந்தது. சவரி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஜன்னலுக்குள் எம்பினான்.

"தொடாதே அக்கா" என்றேன். "உள்ள அம்மை கீது. அம்சாவுக்கு."

நான் மெல்லத்தான் சொன்னேன். ஆனால் கிளப் முழுக்கக் கேட்டது.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணுசாமி வாயில் போட்ட இட்லியை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் வெளியே போனார்கள். தெருவில் ஊரே நெருக்கிக்கொண்டு போகிறது, தவில் சத்தம் காதைப் பிளக்கிறது, எங்கள் கிளப்பில் மட்டும் பாதி தின்ற இலைகள். ரோசம்மா குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு, கூடையைக் கீழேயே போட்டுவிட்டு ஓடினாள். அந்தக் கூடை சாயங்காலம் வரைக்கும் ஜன்னலடியில் வெயிலில் கிடந்தது. தொடுவதற்கு ஆளில்லை. காக்கைகள் மட்டும் வந்து போயின.

நைனா என்னை அடிக்கவில்லை. டவராவை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். அம்மா வெளியே வந்தாள். ஒரு கொத்து வேப்பிலையை எடுத்து, முக்காலிமேல் ஏறி, தன் கையாலேயே கிளப்பின் வாசலில் கட்டினாள்.

வண்டி கூட்டத்தில் வரமுடியாமல் பிற்பகலில் பின்சந்து வழியாக வந்தது. அம்மாவும் கூடவே ஏறிக்கொண்டாள். வெள்ளைத் துணி சுற்றி அம்சாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது கோயில் பக்கம் மேளம் பலமாகக் கேட்டது. கண் திறக்கமுடியாத அம்சா, "அண்ணா, சாமி கெளம்பிடுச்சா?" என்று கேட்டாள். நான் "ம்" என்றேன்.

நாலாம் நாள் அம்மா தனியாக நடந்து வந்தாள்.

வீட்டிலேயே இருந்திருந்தால் அம்சா பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோடையில் எங்கள் தெருவில் ஒரு வாசல் விட்டு ஒரு வாசல் வேப்பிலை தொங்கியது. கண்ணுசாமி வீட்டு வாசலிலும் தொங்கியது. அவர் மருமகள் போய்விட்டாள். அதில் எது எங்கள் கிளப்பிலிருந்து போனது, எது தானாக வந்தது என்று யாராலும் சொல்லமுடியாது. அதனால் பள்ளிக்கூடம் போகும்போது எல்லா வாசலையும் குனிந்துகொண்டே கடந்தேன்.

மழைக்காலத்துக்குப் பிறகு நைனா கிளப்பை மறுபடி திறந்தார். ஜனங்கள் மெல்ல மெல்ல மறந்துவிட்டு வந்தார்கள். ரோசம்மா மட்டும் வேறு வழியாகப் போய்க்கொண்டிருந்தாள். சில வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் வந்தாள். கூட ஒரு பையன். அன்றைக்கு இங்கேயிருந்து ஓடியவள் நேராக அம்மை குத்துகிறவரைத் தேடிப் போய், புருஷன் திட்டத் திட்டக் குழந்தைக்குக் குத்திக்கொண்டு வந்ததாக என்னிடம் சொன்னாள். பையனின் கையில் பெரிய தழும்பு. முகத்தில் ஒரு வடு இல்லை. நைனா ஜன்னலுக்கு வந்து அவனைப் பார்த்தார்.

"உனக்கு இன்னா வயசு?"

"நாலு" என்றான் சவரி.

நைனா பின்கட்டுக்குப் போனார். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் வெளியே வரவில்லை.

இன்று அந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. கீழே ரேடியோ ரிப்பேர் செய்கிறார்கள். மூன்று கிளப்பும் இல்லை, டிராமும் இல்லை. மூடிய அந்த வண்டி எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்ல நாலு பேர் இருந்தால் அதிகம். பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று பேப்பரில் போட்டார்கள். என் மகளின் குழந்தைக்கு அம்மை குத்தவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்சாவை நேரில் பார்த்தவன் என்று இப்போது நான் ஒருவன்தான். அவளுக்குப் போட்டோகூட எடுக்கவில்லை.

நைனா அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தார். ஏண்டா சொன்னே என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: வண்டி வரும் என்று எனக்குத் தெரியும் நைனா, எனக்கும் பயமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் குழந்தை என்னிடம் வருவதற்கு இரண்டு கையையும் நீட்டிவிட்டது.